யூனிஃபார்ம் தேடிய வாரம்

போன வாரம் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. மிக்ஸி ஜார். பெட்டியைப் பிரித்ததும் ஜாரை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, வெறும் பெட்டிக்குள் தலையை விட்டு மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகள் இனியா பின்னால் வந்து நின்றிருக்கிறாள்.

"எம்மா, ஜாரு அங்கிட்டு இருக்கு" என்றாள்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் இதற்கெல்லாம் விளக்கம் சொல்ல முடியாது. உங்களிடம் சொல்லலாம். புது அட்டைப்பெட்டிக்கென்று ஒரு வாசனை உண்டு. லேசாகப் புளித்த கஞ்சி, நனைந்து காய்ந்த காகிதம், அதற்கு மேல் வெயில். என் கணவரின் சட்டை பல வருடம் இந்த வாசனையோடுதான் சாயங்காலம் வீட்டுக்கு வந்தது. கப்பலூர் தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். சட்டையை எத்தனை அலசு அலசினாலும் வாசனை போகாது. கல்யாணமான புதிதில் மூக்கைச் சுளித்தேன். பிறகு ஒரு நாள் அவர் ஊருக்குப் போயிருந்தபோது, கொடியில் கிடந்த சட்டையை நானாகப் போய் மோந்து பார்த்தேன். இது அவருக்கு இன்னும் தெரியாது.

அப்போது நாங்கள் திருமங்கலத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போகவில்லை. கொரோனாவில் எல்லாம் மூடியபோது வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். பள்ளிகள் திறந்த பிறகும் நிறுத்தவில்லை. பெரிய கொள்கை ஒன்றும் கிடையாது. மூத்தவன் செழியன் பள்ளிக்குப் போன காலத்தில் தினமும் காலையில் வயிறு வலிக்குது என்பான். வீட்டில் இருந்த ஒன்றரை வருடத்தில் அந்த வயிறு ஒரு நாள்கூட வலிக்கவில்லை. அந்த வயிற்றை நம்பித்தான் முடிவெடுத்தோம்.

முடிவெடுத்தது சுலபம். நான் டீச்சருக்குப் படித்தவள் இல்லை. ஒரு அச்சகத்துக்கு வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகை டைப் அடித்துக்கொடுப்பதுதான் என் வேலை. நாலு நிற ஸ்கெட்ச் பேனாவில் கால அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன். திங்கட்கிழமை அது சட்டம். செவ்வாய் அன்று ஆலோசனை. புதன்கிழமைக்கெல்லாம் அது வெறும் சுவர்ப்படம். பின்னக் கணக்கைத் தோசையை வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். நாலாக வெட்டிய தோசையில் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "மிச்சம் முக்கால்" என்றாள் இனியா. விடை சரியாக இருந்ததால் திட்டவும் முடியவில்லை. தமிழ்ப் பாடம் என் கம்ப்யூட்டர் பக்கத்தில் நடந்தது. அதனால் அவள் எழுத்துக்கூட்டாமல் படித்த முதல் நீளமான சொல், 'சுபமுகூர்த்தத்தில்'. 'வருகையை எதிர்நோக்கும்' என்பதைப் பிழையில்லாமல் எழுதுவாள். 'யானை'க்கு எந்த 'னை' என்று கேட்பாள்.

நான் சொல்ல வந்தது அவளுடைய எட்டாவது பிறந்தநாள் வந்த வாரத்தைப் பற்றி. பங்குனி மாதம். செழியனுக்குப் பதின்மூன்று. திறந்தநிலைப் பள்ளியில் பதிவு செய்திருந்தோம். புதனும் வெள்ளியும் மதுரையில் தேர்வு. வைகாசி முகூர்த்தப் பத்திரிகைகள் எனக்கு மலையாகக் குவிந்திருந்தன. கம்பெனியில் அவசர ஆர்டர் என்று அவர் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வந்தார். இதற்கு நடுவில் வியாழக்கிழமை பிறந்தநாள். ஒரு கேக் வாங்கி, சாயங்காலம் கீழ் வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு வெட்டிவிடலாம் என்று மனதுக்குள் முடித்து வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அதைக் கெடுத்தது. அன்று என் அண்ணன் வீட்டுச் சொந்தத்தில் ஒரு குழந்தைக்கு அழகர்கோவிலில் காதுகுத்து. எல்லோரும் போனோம். குரங்கு ஒன்று தாம்பாளத்திலிருந்த வாழைப்பழத்தைச் சீப்போடு தூக்கிக்கொண்டு போக, மாமன் சீரில் பழம் குறைகிறதே என்று ஒரு கூட்டமே அதன் பின்னால் ஓடியது. அந்தக் கலவரத்தில் இனியா என் அண்ணன் மகள் பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் இனியா வயதுக்காரி. பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அவளுடைய பிறந்தநாள் அதற்கு முந்தின மாதம்தான் வந்திருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் இனியா பேசவே இல்லை. இது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். பெரியார் பஸ் நிலையம் வந்ததும் வாயைத் திறந்தாள்.

"எம்மா, எனக்கு கிளாஸே இல்லைல?"

"ஏன், நம்ம வீடுதான் கிளாஸு."

"பெறந்தநாளைக்கு எல்லாரும் யூனிஃபார்ம்ல இருப்பாங்களாம். பெறந்தநாளு பிள்ளை மட்டும் கலர் டிரஸ்ஸாம். வரிசையா சாக்லேட் குடுப்பாங்களாம். எல்லாரும் பாடுவாங்களாம். எனக்கு யாரு பாடுவா?"

பள்ளிக்கூடம் வேண்டாம் என்று நாங்கள் முடிவு செய்தபோது பாடம், பரீட்சை, சர்டிபிகேட் எல்லாவற்றையும் யோசித்தோம். கலர் டிரஸ்ஸை யோசிக்கவில்லை. அவளுக்கு யுகேஜி பிறந்தநாள் நினைவில் இல்லை. அடுத்த இரண்டும் ஊரடங்கில் போயின. பஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிள்ளையிடமிருந்து எதையோ பிடுங்கிவிட்டோமோ என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக உள்ளே ஒன்று குத்தியது.

திங்கட்கிழமை காலையில் அவள் நிபந்தனைகளோடு வந்தாள். ஒன்று, எல்லோரும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். தட்டைப் பிடித்துக்கொண்டு கூட வர ஒரு பிரெண்டு வேண்டும். வரிசை நீளமாக இருக்க வேண்டும். யாராவது ஒருவர் இரண்டு சாக்லேட் எடுக்கப் பார்க்க வேண்டும். அப்போது அவள் "ஒன்னுதான்" என்று சொல்ல வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த அதிகாரத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"கீழ் வீட்டுப் பிள்ளைகளக் கூப்பிடுவோம்டா."

"சாயங்காலம் அவங்களும் கலர் டிரஸ்ல இருப்பாங்கம்மா."

நியாயம்தான். எனவே திருமங்கலத்தில் யார் யார் யூனிஃபார்ம் போடுகிறார்கள் என்று மூவரும் உட்கார்ந்து யோசித்தோம். பஸ் கண்டக்டர், டிரைவர்: இரண்டே பேர். பெட்ரோல் பங்க்: ஐந்து பேர், அதிலும் ஒருவர் எப்போதும் சாப்பிடப் போயிருப்பார். ஆட்டோ ஸ்டாண்டில் எட்டுக் காக்கிச் சட்டைகள். ஆனால் எட்டும் ஒரே நேரத்தில் நிற்கிற நாளில் அவர்களுக்குச் சவாரி இல்லை என்று அர்த்தம், சிரித்த முகமாக இருக்காது. போலீஸ் ஸ்டேஷன் என்றாள் இனியா. "அங்க பாடச் சொல்லி யாரு கேக்குறது, நீ கேக்குறியா?" என்றான் செழியன்.

செவ்வாய்க்கிழமை நான் செய்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். வீட்டுப் பள்ளி அம்மாக்களுக்கு ஒரு வியாதி உண்டு. பிள்ளை அழுதால்கூட அதிலிருந்து ஒரு பாடம் எடுத்துவிடுவோம். இரண்டு பேரையும் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய் யூனிஃபார்ம்களை எண்ண வைத்து, வீட்டுக்கு வந்து பட்டை வரைபடம் போட வைத்தேன். காக்கி உயரமாக நின்றது. வெள்ளை அடுத்து. பச்சைக்கு ஒரே ஒரு பூக்கடைக்காரர். அவர் அன்றைக்குத் தற்செயலாகப் பச்சைச் சட்டை போட்டவர் என்பது பிறகு தெரிந்தது. வரைபடம் அழகாக இருந்தது. சாக்லேட் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அந்த வரைபடத்தை என் கணவர் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே வரைபடத்தை இன்னொரு தடவை பார்த்தார்.

"நீலத்தையே காணாமே" என்றார்.

"நீலம் யாருப்பா போடுவா?" என்றாள் இனியா.

"எங்க கம்பெனில நாப்பத்திரண்டு பேரு. அம்புட்டு பேரும் நீலச் சட்டைதான்."

இனியா தட்டிலிருந்து கையை எடுக்காமலே எழுந்து நின்றுவிட்டாள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. என் கணவர் யாரிடமும் எதையும் கேட்கிற ஆள் இல்லை. ஹோட்டலில் சட்னி தீர்ந்துபோனால் இன்னொரு கரண்டி கேட்கக் கூச்சப்பட்டு, கடைசி இட்லியை வெறுமனே சாப்பிடுகிறவர். மேனேஜரோ சிரிக்காத மனிதர். ஷெட்டுக்குள் குழந்தைகளை விடவே கூடாது என்று போர்டு வைத்திருந்தார். இவர் போய் அவரிடம் கேட்பதாவது என்று நினைத்துக்கொண்டு நான் படுத்தேன்.

புதன்கிழமை செழியனை மதுரையில் தேர்வு எழுத விட்டுவிட்டு, விளக்குத்தூண் பக்கம் இனியாவுக்குப் பாவாடை சட்டை எடுத்தோம். கடையிலேயே சத்தமான ஆரஞ்சு நிறம். ஜிகினா வேலைப்பாடு. "ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னாலும் தெரியணும்" என்றாள். பில் போடும்போது போன் வந்தது. அவர்தான்.

"கேட்டுட்டேன்" என்றார். மூச்சு வாங்கியது. ஓடிக்கொண்டே கேட்டாரோ என்னவோ. "நாளைக்குப் பதினொன்னரைக்கு டீ. பத்து நிமிஷம். டீ குடிக்கிற எடத்துலதான், மிஷின் பக்கம் வரக் கூடாதுன்னுட்டாரு. சரின்னுட்டேன்."

"நீங்களா கேட்டீங்க?"

"பெறகு? வச்சிர்றேன், ஆளுக இருக்காக."

வியாழக்கிழமை காலையில் இன்னொரு அதிசயம். தங்கச்சிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட ஆயிரம் காரணம் கேட்கிற செழியன், அறைக்குள்ளிருந்து தன் பழைய பள்ளி யூனிஃபார்மில் வெளியே வந்தான். ஊரடங்குக்கு முன்பு தைத்தது. பேன்ட் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"என்னடா இது?"

"பிரெண்டும் யூனிஃபார்ம்லதானம்மா இருக்கணும்" என்றான், என்னைப் பார்க்காமல்.

நான் சிரிக்கவில்லை என்று சொன்னால் பொய். சமையலறைக்குள் போய்ச் சிரித்தேன். இனியா சிரிக்கவில்லை. அவனைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, திருப்தியாகத் தலையாட்டினாள். பிறகு என்னிடம் திரும்பி, "நீதான் மிஸ்ஸு. கஞ்சி போட்ட சேலை கட்டு" என்றாள். கட்டினேன்.

இப்படியாக ஒரு ஆரஞ்சுப் பாவாடை, ஒரு குட்டைப் பேன்ட், ஒரு போலி டீச்சர், ஒரு எவர்சில்வர் தட்டு, இரண்டு பை சாக்லேட், எல்லாம் டவுன் பஸ் ஏறிக் கப்பலூரில் இறங்கியது. பங்குனி வெயில். சாக்லேட் வேண்டாம், கெட்டி மிட்டாயாக வாங்கு என்று செழியன் சொன்னான். அவள் கேட்கவில்லை. கம்பெனிக்கு நடக்கிற தூரத்திலேயே பைக்குள் எல்லாம் கொழகொழவென்று ஆகிவிட்டது.

கேட் பக்கம் போனால் டீ குடிக்கிற இடத்தில் ஆளே இல்லை. மேனேஜர் கையில் கணக்கு எழுதுகிற பேடுடன் வெளியே நின்றிருந்தார். லாரி சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டதாம். கேட்டுக்கு முன்னால் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்ததால் அது உள்ளே வர முடியாமல் ரோட்டிலேயே நின்றது. என் கணவர் லாரி மேல் நின்று சரக்கு அடுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையை விரித்தார்.

"இன்னைக்கு டீயே இல்லம்மா" என்றார் மேனேஜர். "பன்னெண்டுக்குள்ள லாரி கெளம்பணும். தப்பா நெனைக்காதீங்க. சாயங்காலம் வாங்களேன்."

சாயங்காலம் எல்லோரும் நீலச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பியிருப்பார்கள். இனியா தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கீழ் உதடு மட்டும் மெதுவாக வெளியே வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் உடைந்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் நின்றேன்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். லாரி உள்ளே வர முடியாததால், ஷெட் வாசலிலிருந்து பள்ளத்தின் மேல் போட்ட பலகையைத் தாண்டி ரோடு வரைக்கும் ஆட்கள் வரிசையாக நின்று, அட்டைக் கட்டுகளைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள், சேலைக்கு மேல் சட்டை போட்ட பெண்கள், அத்தனை பேரும் நீலம். அந்த வரிசையின் நடுவில் பாண்டியம்மாள் அக்கா. பசை ஒட்டுகிற பகுதிக்குப் பெரியாள். டி. கல்லுப்பட்டிப் பக்கமிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். வரிசை விஷயத்தை என் கணவர் எல்லோரிடமும் முன்னாலேயே சொல்லிவைத்திருக்கிறார்.

"ஏ பாப்பா, வரிசதான வேணும்?" என்றார். "இந்தா வரிசையாத்தான நிக்கிறோம். வா இங்கிட்டு."

"கையில கட்டு இருக்கே" என்றாள் இனியா, அழுகைக்கும் பேச்சுக்கும் நடுவில்.

"கையிலதான தாயி கட்டு இருக்கு. வாயி சும்மாத்தான இருக்கு."

வரிசை முழுக்கச் சிரித்தது. மேனேஜர் பேடைப் பார்த்தார், வாட்ச்சைப் பார்த்தார், கடைசியில் வானத்தைப் பார்த்தார். அதை நாங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

செழியன் தட்டைப் பிடித்தான். இனியா உருகிய சாக்லேட்டைக் காகிதத்திலிருந்து வழித்து எடுத்து ஒவ்வொருவர் வாயிலாகப் போட்டுக்கொண்டே போனாள். மீசை வைத்தவர்கள், வெற்றிலை போட்டவர்கள், என்னைவிட மூத்தவர்கள், எல்லோரும் கட்டைப் பிடித்தபடி குனிந்து வாயைத் திறந்தார்கள். ஒரு கட்டு கூட நிற்கவில்லை. யாரோ பிறந்தநாள் பாட்டை ஆரம்பித்தார். கட்டு கைமாறுகிற வேகத்துக்கு அது வந்து பொருந்திக்கொண்டது. வாழ்த்து ஒன்றுக்குக் கட்டு ஒன்று. சாக்லேட் வாயோடு பாடியதால் வார்த்தைகள் எதுவும் புரியவில்லை. இனியாவின் பெயர் வர வேண்டிய இடத்தில் பாதிப் பேர் 'பாப்பா' என்றார்கள், பாதிப் பேர் 'சூப்பர்வைசர் மகளுக்கு' என்றார்கள். லாரி மேலே நின்ற சூப்பர்வைசர் திரும்பி நின்று, அடுக்கிய கட்டையே மறுபடி மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார்.

முக்கால்வாசி வரிசை முடிந்திருக்கும். ஒல்லியான ஒரு அண்ணன் மென்று விழுங்கிவிட்டு, "எனக்கு ரெண்டாப் போடு பாப்பா" என்று மறுபடி வாயைத் திறந்தார்.

இனியா நின்றாள். நிமிர்ந்தாள்.

"ஒன்னுதான்" என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்காக ஐந்து நாள் வாழ்ந்திருக்கிறாள். "யம்மாடி, ஸ்ட்ரிக்ட்டு" என்றார் அவர். அவள் முகம் ஜிகினாவைவிட மின்னியது.

வரிசையின் கடைசியில் மேனேஜர் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை. இனியா ஒரு நிமிடம் யோசித்து, இரண்டு எடுத்து நீட்டினாள். "மிஸ்ஸுக்கும் சாருக்கும் ரெண்டு" என்று செழியன் விளக்கம் சொன்னான். அவர் உருகிப்போன இரண்டையும் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு, வழக்கமாகப் பெரியவர்கள் கேட்கிறதைக் கேட்டார்.

"எந்த ஸ்கூல்டா படிக்கிற?"

இந்த இடத்தில்தான் எல்லாம் கெடும் என்று நினைத்தேன். இனியா திரும்பி, கஞ்சிச் சேலையில் வியர்த்து வழிந்துகொண்டு நின்ற என்னைத் தேடிக் கையை நீட்டினாள்.

"அந்தா நிக்கிதுல்ல சார், அதான் எங்க ஸ்கூலு."

மேனேஜர் சிரித்தார். அந்த மனிதர் சிரித்தால் ஒரு பக்கம் தெற்றுப்பல் தெரியும் என்பது கம்பெனியில் யாருக்கும் அதுவரை தெரியாதாம். நான் சிரித்தேனா அழுதேனா என்று இப்போது யோசித்தால் சரியாகச் சொல்ல முடியவில்லை. முந்தானை முழுக்க ஈரமாக இருந்தது. வெயில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதோடு முடிந்திருந்தால் கௌரவமாக வீடு வந்து சேர்ந்திருப்போம். செழியனுக்கும் வரிசையில் நிற்க ஆசை வந்துவிட்டது. பாண்டியம்மாள் அக்கா பக்கத்தில் போய் நின்று ஒரு கட்டை வாங்கக் குனிந்தான். பேன்ட் பின்பக்கம் இடுப்பிலிருந்து கீழே வரை ஒரே சத்தத்தில் கிழிந்தது. பாட்டு நின்றது. அன்றைக்கு முதல்முறையாக லோடும் நின்றது.

என் கணவர் லாரியிலிருந்து இறங்கி வந்து, கழிவு அட்டையில் ஒரு பெரிய துண்டை எடுத்து மகன் கையில் கொடுத்தார். அதைப் பின்னால் பிடித்துக்கொண்டே அவன் பஸ் ஸ்டாப் வரை நடந்தான். பஸ்ஸில் உட்காரும்போதும் அதன் மேல்தான் உட்கார்ந்தான். சீட் அழுக்காக இருக்கிறதென்று பையன் சுத்தமாக அட்டை போட்டு உட்காருகிறான் என எதிர் சீட்டு அம்மா அவனைப் பாராட்டினார். நானும் இனியாவும் சிரித்த சிரிப்பில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிட்டோம். திரும்பி நடந்தோம், அட்டையோடு.

கேக் வாங்கவே இல்லை என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது. யாரும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை செழியன் தேர்வுக்குப் போனான். நான் பத்திரிகைகளோடு மல்லுக்கட்டி, ஒரு மணமகளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'இனியா' என்று அடித்து வைத்திருந்தேன். அச்சகக்காரர் கண்டுபிடித்தார், நல்ல வேளை.

அதற்கடுத்த வருடம் செழியனே பள்ளிக்குப் போகிறேன் என்றான். வேதியியலுக்கு லேப் வேண்டும் என்றான். எங்கள் வீட்டில் வினிகரும் சோடா உப்பும் தாண்டி ஒன்றும் இல்லை. வயிறு வலிக்கவில்லை. அவன் பின்னாலேயே இனியாவும் போனாள். அந்த வருடப் பிறந்தநாளுக்கு உண்மையான வகுப்பில், உண்மையான யூனிஃபார்ம்களுக்கு நடுவில், கலர் டிரஸ் போட்டுச் சாக்லேட் கொடுத்தாள். வந்ததும், "எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். பையை வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

கம்பெனியை முதலாளி வேறு ஊருக்கு மாற்றிவிட்டார். அந்த ஷெட்டில் இப்போது ஏதோ கோடவுன். பள்ளத்தை மூடி ரோடு போட்டு, லாரிகள் நேராக உள்ளே போய் வருகின்றன. பாண்டியம்மாள் அக்கா ஊரோடு தங்கி ஆடு வளர்க்கிறார். என் கணவர் பைப் கம்பெனிக்குப் போகிறார். நாங்கள் மதுரைக்கே குடிவந்துவிட்டோம். செழியன் கோயம்புத்தூர் ஹாஸ்டலில்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த வருடங்களில் பகல் பதினோரு மணிக்குப் பிள்ளைகளோடு வெளியே இறங்கினால் ஒருவர் விடாமல் கேட்பார்கள்: "என்ன, இன்னைக்கு ஸ்கூலு லீவா?" கீரைக்காரம்மா, கண்டக்டர், ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவர், எல்லோரும். எனக்கு எரிச்சலாக வரும். அதற்கென்றே மூன்று பதில்கள் தயாராக வைத்திருந்தேன்: அவசரத்துக்குச் சின்னது, பஸ் வருகிற வரைக்கும் நடுத்தரம், வம்புக்கு வருகிறவர்களுக்குப் பெரியது. இப்போதும் பதினோரு மணிக்குத்தான் மார்க்கெட்டுக்குப் போகிறேன், தனியாக. கீரைக்காரர் கட்டைக் கொடுக்கிறார், வாங்கிக்கொண்டு ஒரு நிமிடம் நிற்கிறேன். யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை.